தவிட்டுக்கு ஒரு நாள் ஆயுள்

நூறு கிலோ நெல்லை நல்ல ஆலையில் அரைத்தால் 65 முதல் 70 கிலோ அரிசி வரும். குருணையும் நொய்யும் அதில் அடக்கம். ஏறக்குறைய 20 கிலோ உமி. தவிடு 8 முதல் 10 கிலோ. உமி கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் போய்விடும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தவிட்டைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக வீட்டில் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தீட்டிய வெள்ளைப் பச்சரிசி 100 கிராமில் தயமின் என்கிற பி1 சத்து சுமார் 0.07 மில்லிகிராம். தீட்டாத அரிசியில் 0.4. தவிட்டில் 2.7. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.1, 1.2 மில்லிகிராம்தான். இதற்கு மேல் தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு புரதம், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக எண்ணெய். நாங்கள் இருக்கும், தென் பர்மாவின் மௌலமைன் பக்கத்து ஆலைகளில் இது அத்தனையும் மூட்டை கட்டி வாத்துப் பண்ணைக்கும் பன்றித் தொழுவத்துக்கும் போகிறது. மூன்று வேளையும் சோறு தின்கிற நாட்டில் சோற்றின் சத்தை வாத்து தின்கிறது.

பர்மாவில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. தாய்க்குப் பி1 பற்றாவிட்டால் தாய்ப்பாலிலும் அது இருக்காது. இரண்டு மூன்று மாதக் குழந்தை, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். திடீரென்று குரல் கம்மும், அழுகை சத்தமில்லாமல் வரும், மூச்சு வாங்கும், இதயம் நின்றுவிடும். குழந்தைப் பெரிபெரி என்பது இதுதான். 1980-களின் கடைசியில் தாய்லாந்து எல்லையில் இருந்த கரேன் அகதி முகாம்களில் கைக்குழந்தைகள் சாவதற்கு முதல் காரணமாக இருந்தது இந்த நோய்தான். ஒரு ஊசி பி1 போட்டால் சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்துவிடும், அவ்வளவு அற்பமான குறை. இங்கே அரசு மருத்துவத் துறை கடைசி மாதக் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பி1 மாத்திரை கொடுப்பதும் இதனால்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் சோறும் உப்பும் போடுவது, சோற்றை வடித்துக் கஞ்சியைக் கீழே ஊற்றுவது, வேகாத மீனில் செய்த ஊறல் (அதில் தயமினை அழிக்கிற நொதி இருக்கிறது), வெற்றிலை பாக்கும் ஊறவைத்த தேயிலையும் ஓயாமல் மெல்வது, எல்லாம் சேர்ந்து குறையைக் குழியாக்குகின்றன. ஆனால் தொடக்கம் ஆலையில்தான்.

நம் ஆட்கள் இந்தக் கதைக்குள் வேறு ஒரு வாசல் வழியாக வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு மலாயாவில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே வெயில், அதே மழை, அதே மாதிரிக் கொட்டகை. தோட்டத்துத் தமிழர்களை அது அண்டவில்லை. சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கல். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907இல் புத்தகமே போட்டார், வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. அதற்குச் சற்று முன்பு கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வெள்ளை அரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் போட்டுப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம்தான் கால்கள் வீங்கின. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890-களிலேயே கோழிகளை வைத்து இதைப் பார்த்திருந்தார்: தீட்டிய அரிசி தின்ற கோழி கால் மடங்கி விழுந்தது, தவிட்டோடு கொடுத்தால் எழுந்தது. அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்கலில் நடப்பது இவ்வளவுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கும் நீரில் கரையும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் காயவைத்து அரைத்தால் தவிடு போகும், சத்தில் ஒரு பங்கு உள்ளேயே நின்றுவிடும். பச்சரிசியோடு ஒப்பிட்டால் புழுங்கலில் பி1 இரண்டு மூன்று மடங்கு. தவிட்டைத் தின்னாமலே தவிட்டைத் தின்கிற வழி இது. எனக்குத் தெரிந்து, ஆலைக் கழிவை மனித உணவாக்குவதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான முறை இல்லை. கழிவு பிறப்பதற்கு முன்பே அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டுவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, அண்டாவில் நெல் அவித்த பெண்கள் யாரோ.

பர்மாவிலிருந்து இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சிலோனுக்கும் இந்தியாவுக்கும் புழுங்கல் அரிசி கப்பல் கப்பலாகப் போனது, தென்னிந்தியத் தொழிலாளர்களின் வயிற்றுக்காக. பர்மியர்களோ வெள்ளை அரிசிதான் சாப்பிட்டார்கள், இன்றும் அப்படித்தான். "அவிச்ச நெல்லு வாடை" என்று முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டிலேயே பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புழுங்கல் சோறு இறங்குவதில்லை. இட்லிக்கு மட்டும் வாங்குகிறோம். அப்பத்தா இருந்தவரை முற்றத்தில் நெல் அவியல் நடந்தது. அவள் போனதோடு அண்டா ஈயம் பூசாமல் மூலைக்குப் போய்விட்டது.

புழுங்கல் சாப்பிடாத ஊர் இந்தியாவிலும் இருந்தது. சென்னை மாகாணத்தின் வடகோடி, விசாகப்பட்டினம் கோதாவரிப் பக்கத்துக் கடற்கரை. இந்தியாவில் பெரிபெரி நிலையாக உட்கார்ந்திருந்தது அங்கேதான், குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தில் ஐக்ராய்டு போன்றவர்கள் இதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கரையிலிருந்து வந்த தெலுங்கர்கள். இன்னொரு விசித்திரம்: தயமினைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1936இல் கண்டுபிடித்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில், 1886இல், அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்கு. அவர் வேலையைத் தொடங்கியது மணிலாவில். அங்கே வெடர் என்ற ராணுவ மருத்துவர், பெரிபெரியில் கிடந்த கைக்குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாறு கொடுத்துப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்தார். 'டிக்கிடிக்கி' என்று பேர். பாட்டிலில் அடைத்து சொட்டுச் சொட்டாக வாயில் விடுவது. வாத்துக்குப் போக வேண்டிய தவிட்டை மருந்துக்கடைக்குக் கொண்டுபோன முதல் ஆட்கள் அவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மோன் மாநிலத்திலேயே தவிட்டுக்காக ஏங்கிய இடம் ஒன்று உண்டு. மௌலமைனுக்குத் தெற்கே தன்பியூசயாட். ஜப்பானியர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், பர்மாப் பக்கம் தொடங்குவது அங்கேதான். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதை நெடுகக் காலராவிலும் மலேரியாவிலும் பெரிபெரியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கும் போர்க்கைதிகளுக்கும் கிடைத்தது வெள்ளை அரிசி. கைதிகளிடையே இருந்த மருத்துவர்கள் காவலாளிகளிடம் மன்றாடியவற்றில் ஒன்று அரிசித் தவிடு. புழுத்து நாறினாலும் பரவாயில்லை, கொடுங்கள் என்று கேட்டார்கள். தன்பியூசயாட்டில் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தமிழர்களுக்கு அங்கே கல் இல்லை.

சரி, அப்படியானால் தவிட்டை நேராகத் தின்றுவிட்டால் என்ன? இணையத்தில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். யாங்கோன் கடைகளில் தவிட்டு மாவு பாக்கெட்டுகூடப் பார்த்திருக்கிறேன். என்றைக்கு அரைத்தது என்று எதிலும் இல்லை. அந்தத் தேதிதான் எல்லாமே.

நெல்லுக்குள் இருக்கும்வரை தவிட்டின் எண்ணெய் ஒரு பக்கம், அதை உடைக்கிற லிபேஸ் நொதி ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சும்மா கிடக்கும். ஆலையின் கல் உரசியதும் இரண்டும் கலந்துவிடும். அந்த நிமிஷத்திலிருந்து எண்ணெய் கொழுப்பு அமிலமாக உடையத் தொடங்குகிறது. எங்கள் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மறுநாளே காறல் வாடை வந்துவிடும். நாக்கில் வைத்தால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு. வாத்து அதைப் பொருட்படுத்தாது. மனுஷன் துப்பிவிடுவான். ஆகவே அரைத்த சில மணி நேரத்துக்குள் தவிட்டைச் சூடாக்கி நொதியை அடக்க வேண்டும். பெரிய ஆலைகளில் அதற்கு எந்திரம் உண்டு. வீட்டில் என்றால் அன்றைக்கே வாங்கி, சலித்து, அடிகனத்த வாணலியில் ஈரம் போகிறவரை கைவிடாமல் வறுப்பது. வறுத்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். வறுத்த தவிடு நல்ல வாசனை, கொட்டை வறுபட்ட வாசனை. அடை மாவில் ஒரு கைப்பிடி, புட்டு மாவில் ஒரு பங்கு, வெல்லம் தேங்காய் போட்டு உருண்டை. அதற்கு மேல் சேர்த்தால் தொண்டையில் அடைக்கும்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எந்த எந்திரத்துத் தவிடு? ரப்பர் உருளை வைத்த ஆலையில் முதலில் உமி தனியாகக் கழன்றுவிடும், அப்புறம்தான் தீட்டல், தவிடு சுத்தமாக வரும். கிராமத்துச் சின்ன ஆலைகளில் பலவற்றில் இன்னும் இருப்பது எங்கல்பர்க் வகை உருளை. ஒரே பெட்டிக்குள் உமியும் உரியும், அரிசியும் தீட்டுப்படும். வெளியே வருவது உமித்தூளும் தவிடும் கலந்த கலவை. உமியில் இருப்பது பெரும்பாலும் நாரும் சிலிகாவும், குடலைக் கீறும். அந்தத் தவிட்டை எவ்வளவு சலித்தாலும் மனிதருக்கு உதவாது, விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. தவிட்டில் ஃபைட்டேட் அதிகம், இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் கட்டிப்போடும். நிலத்தடி நீரில் ஆர்செனிக் உள்ள வயல் என்றால் அந்த ஆர்செனிக்கும் அரிசியைவிடத் தவிட்டில்தான் சேரும். நல்லதென்று கிண்ணம் கிண்ணமாகத் தின்கிற பொருள் இல்லை இது. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், தாய்க்குக் கொடுத்தால் போதும்.

தவிடு என்றாலே நம் ஆட்களுக்கு நினைவு வருவது வேறு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிக்கொண்டே இருந்தால், அடுத்த குழந்தையை யாரிடமாவது தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். குழந்தை மதிப்பில்லாதது என்று எமனை ஏமாற்றுவதற்கு. இங்கேயும் அந்தப் பழக்கம் கப்பலேறி வந்தது. என் தாத்தா வயதில் ஒருவருக்குத் தவிட்டான் என்றே பேர். அவருக்கு முன்னே போன குழந்தைகள் எதனால் போயின என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பி1 பற்றிப் படித்த பிறகு அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

புண்ணாக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே பர்மியர்கள் நமக்கு ஒரு படி மேலே. வறண்ட மத்திய பர்மா, மக்வே, மண்டலே, சகாயிங், எல்லாம் எள் விளைகிற பூமி. நாம் எள்ளுப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்துவிட்டு, செக்கடியில் நிற்கும் பிள்ளைகளுக்கு வெல்லத்தோடு ஒரு துண்டு உடைத்துக் கொடுப்போம், அவ்வளவுதான். அவர்கள் அதை ஊறவைத்துப் புளிக்கவைத்து, வெங்காயம் மிளகாய் போட்டு, பன்றி இறைச்சியோடோ காய்கறியோடோ சமைத்து ஒரு வேளைக் குழம்பாகவே ஆக்கிவிட்டார்கள். எள்ளுப் புண்ணாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரதம். பருப்பில் குறைகிற மெத்தியோனைன் என்கிற புரதக்கூறு அதில் நிறைய. எள்ளின் தோல் கசக்கும், புளிப்பு அந்தக் கசப்பை மறைத்துவிடுகிறது. முதல் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். இப்போது மண்டலேயிலிருந்து யார் வந்தாலும் வாங்கிவரச் சொல்கிறேன்.

பகான் பக்கத்தில் செய்கிற பொன்யேஜி இன்னும் வேடிக்கை. கொள்ளை நெடுநேரம் வேகவைப்பார்கள். வடித்த தண்ணீரைத் திரும்பக் காய்ச்சிச் சுண்டவைத்தால் கறுப்பான புளித்த விழுது கிடைக்கும். வெந்த கொள்ளு மாட்டுக்கு, தண்ணீர் மனிதருக்கு! நம் ஊர்க் கொள்ளு ரசமும் அதே ஏற்பாடுதானே. காளைக்குக் கொள்ளு வேகவைத்த பானையிலிருந்து வடித்தெடுத்த தண்ணீர். எது பண்டம், எது கழிவு என்பதைக் கொள்ளு விஷயத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பானை மட்டும் சுத்தமாக இருந்தது, மாட்டுக்கு வேகவைத்தாலும்.

கடலைப் புண்ணாக்கு வேறு கதை. புரதத்தில் அதுதான் ராஜா, கிட்டத்தட்டப் பாதி. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் முக்கால் பங்கு கடலைப் புண்ணாக்கு மாவும் கால் பங்கு பொட்டுக்கடலை மாவும் கலந்து, விட்டமின்கள் சேர்த்துப் 'பல்நோக்கு உணவு' என்று செய்தார்கள், ஏழைக் குழந்தைகளின் புரதக் குறைக்கு. நல்ல யோசனை. ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் இனம் தெரியாத நோயில் செத்தன. தேடிப்போனால் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. கல்லீரலைத் தின்னும், புற்றுநோய் கொண்டுவரும், வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது.

இது கடலையின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பருத்த பருப்பு உப்புக்கடலைக்கும் மிட்டாய்க்கும் பொறுக்கப்படும். சொத்தை, சுருங்கல், மழையில் நனைந்தது எல்லாம் செக்குக்கு. எண்ணெயில் எதுவும் தெரியாதல்லவா! நஞ்சின் பெரும்பங்கு சக்கையில் தங்கிவிடும். சக்கை மாட்டுக்குத்தானே என்று ஈரத்தரையில் சாக்கோடு கிடக்கும், அங்கே இன்னும் கொஞ்சம் பூஞ்சை. மைசூர்க்காரர்கள் செய்ததுபோல் நல்ல கடலையைப் பொறுக்கி அரைத்தால் கிடைக்கிற சக்கை உணவு. நம் சந்தையில் கிடைக்கிற சக்கை உணவு இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். ஆகவே வீட்டுக் கடலையை நீங்களே பொறுக்கி, கண் முன்னால் ஆட்டினால் தவிர, கடலைப் புண்ணாக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்பேன். 'கழிவு உணவு' பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் புரதக் கணக்கு சொல்வார்கள், சாக்கு எங்கே கிடந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

குருணைக்கு மட்டும் சமீபத்தில் யோகம் அடித்திருக்கிறது. உடைந்த அரிசியை மாவாக்கி, விட்டமினும் இரும்பும் கலந்து, எந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவத்திலேயே மணி மணியாக வெட்டுகிறார்கள். அதை நூறு அரிசிக்கு ஒன்று என்கிற மாதிரிக் கலந்தால் சத்தேற்றிய அரிசி. மியான்மரிலும் இது விற்பனைக்கு வந்தது. தீட்டும்போது எடுத்த பி1-ஐத் தொழிற்சாலையிலிருந்து வாங்கி உடைந்த அரிசிக்குள் வைத்துத் திரும்பத் தருகிறார்கள். சிரிப்பு வந்தாலும் குறை சொல்ல மாட்டேன், வெள்ளை அரிசியை விடமாட்டேன் என்கிற ஊரில் வேறு வழியில்லை.

எங்கள் பக்கத்தில் ரப்பர் உருளை வைத்த ஆலை ஒன்று தமிழர் ஒருவருடையது. அவரிடம் போய் அன்றன்றைக்கு அரைக்கும் தவிட்டைத் தனிச் சாக்கில் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். கோயில் அன்னதானத்தில் அடைக்குச் சேர்க்கலாம், பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். அவர் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டார்.

"தங்கச்சி, வாத்துக்காரன் ஈரமோ காறலோ எதுவும் கேக்காம மொத்தமா எடுத்துட்டுப் போறான். முன்பணம் வேற குடுத்திருக்கான். நீங்க கேக்குறது ரெண்டு படி. அதுக்கு நான் தவிடு விழுற கூண்டைக் கூட்டி, புதுச் சாக்கு போட்டு, ஆள் நிறுத்தணும்."

"புழுங்கல் ஓட்டுற அன்னைக்கு மட்டும் குடுங்கண்ணே" என்றேன்.

புழுங்கல் தவிட்டில் ஒரு வசதி இருக்கிறது. நெல்லை அவிக்கும்போதே அந்த லிபேஸ் நொதி செத்துவிடுகிறது. எண்ணெய் கூடுதல், காறல் மெதுவாகத்தான் வரும். பி1 கொஞ்சம் அரிசிக்குள் போயிருக்கும்தான், இருந்தாலும் மிச்சம் நிறைய. சாயங்காலம் போய் வாங்கினாலும் கெடாது. அவர் ஆலையில் புழுங்கல் ஓடுவது எப்போதாவதுதான், எங்கள் ஆட்கள் இட்லிக்குக் கேட்கும்போதும், கோயில் திருவிழாவுக்கு முன்னாலும். அதற்கு ஒத்துக்கொண்டார். காசு வேண்டாம், சாக்கு நீங்கள் கொண்டுவரவேண்டும், கூண்டை உங்கள் ஆள்தான் கூட்டவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

கூட்டுகிற ஆள் நான்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு போங்கள், தும்மல் நிற்காது.